எல்டர் கலைச்செல்வனின் கல்

என் மச்சான் கலைச்செல்வனுக்கு இருபத்திரண்டு வயது. மீசை இப்போதுதான் யோசித்து யோசித்து முளைக்கிறது. ஆனால் அவன் சபையில் அவனுக்குப் பெயர் எல்டர் கலைச்செல்வன். எல்டர் என்றால் பெரியவர் என்று அர்த்தமாம். அவன் அம்மா மார்த்தாள், அதாவது என் மாமியார், அதை முதல் தடவை கேட்டபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "பெரியவரு வந்துகீறாரு, எயுந்து நில்லுடி" என்று என் மனைவி பரிமளாவிடம் சொன்னாள். பிறகு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

நான் பாண்டியன். சாலவாக்கத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே குட்டி யானை ஓட்டுகிறேன். சின்ன லோடு வண்டிதான். நெல் மூட்டை, செங்கல், கல்யாண வீட்டு நாற்காலி, பட்டு நூல் பெட்டி, எதைக் கொடுத்தாலும் ஏற்றுவேன். என் வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் ஒரே சுவர். மூன்று வேளைச் சாப்பாடும் சுவருக்கு அந்தப் பக்கம்தான். பரிமளாவின் சமையலைப் பற்றி அவளே நல்ல வார்த்தை சொல்ல மாட்டாள். சாயங்காலம் வண்டியை நிறுத்தினால் எனக்கு ஒரு குவார்ட்டர் வேண்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஊரில் பாதிப் பேர் என்னோடு வரிசையில் நிற்கிறவர்கள்தான்.

எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று சபைகள், மூன்று ஸ்பீக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சபையின் பாட்டு இன்னொரு சபையின் ஜெபத்தின் மேல் ஏறிக்கொண்டு போகும். நான் இந்துதான் என்றாலும், பரிமளாவைக் கட்டிய வகையில் கிறிஸ்துமஸ் பிரியாணியில் எனக்குப் பாத்தியதை உண்டு. இத்தனை சபை போதாதென்று இவன் நாலாவதாக ஒன்றைத் தேடிப் பிடித்தான். ஒரகடத்துக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தபோது, கூடத் தங்கியிருந்த ஒருவன் சென்னையில் இருக்கிற, அமெரிக்காக்காரர்கள் ஆரம்பித்த மார்மன் சபைக்கு அழைத்துப் போயிருக்கிறான். போனவன் ஞானஸ்நான முழுக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, அங்க ஒருத்தர்கூட குடிக்க மாட்டாங்க. பீடி கெடையாது. டீ, காபிகூட கெடையாது."

"டீ இன்னாடா பாவம் பண்ணிச்சி?" என்று கேட்டேன்.

சிரித்தான். பதில் எனக்கும் தெரியும். அவன் அப்பா கோபால் குடித்தே செத்தார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பெரிய ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கொண்டு போனோம். பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் இவன். அப்போது இவனுக்குப் பதினேழு வயது. மார்த்தாள் தன் கல்யாண வாழ்க்கையில் பாதியை பாட்டில் உடைப்பதிலும் மீதியை உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவதிலும் கழித்தவள். அந்த வீட்டிலிருந்து கிளம்பிய பையன், குடிக்காத மனிதர்கள் எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்திருப்பான். அது மார்மன் சபையாக அமைந்தது.

பிறகு இரண்டு வருஷ ஊழியத்துக்குப் போகிறேன் என்றான். எந்த ஊர் என்று அவர்கள்தான் சொல்வார்களாம். விசாகப்பட்டினம் என்று கடிதம் வந்தது. மார்த்தாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமைதோறும் வீட்டுக்கு வீடியோ போடுவான். அந்த ஒரு நாள்தான் அவனுக்குத் துணி துவைக்க, முடி வெட்ட, அம்மாவிடம் திட்டு வாங்க விடுமுறை. மற்ற நாளெல்லாம் காலை ஆறரைக்கு எழுந்து தண்டால் எடுக்க வேண்டும், வேதம் படிக்க வேண்டும். பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையும் கழுத்தில் டையும் நெஞ்சில் கறுப்பு பேட்ஜுமாகக் கிளம்ப வேண்டும். அந்தக் கடலோரப் புழுக்கத்தில் டை. கூப்பிட்ட வீடுகளுக்குப் போய் வேதம் பேசிவிட்டு இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். சினிமா கிடையாது, பெண்பிள்ளைகளோடு அரட்டை கிடையாது. ஜோடியாக ஒரு நாகாலாந்துப் பையனைக் கொடுத்திருந்தார்கள். குளிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒருவன் கழிவறைக்குப் போனால் மற்றவன் வெளியே காத்து நிற்பான்.

"நானும் உங்க அக்காவும் அப்டி இருந்தா மூணாம் நாளு பஞ்சாயத்து கூட்டணும்டா" என்றேன்.

பத்தொன்பது மாதம் ஓடியது. போன சித்திரை வெயிலில் ஒரு நாள், யாரோ ஒருவர் வீட்டில் வேதம் சொல்லிக்கொண்டிருந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து புரண்டிருக்கிறான். அந்த வீட்டுக்காரர் இவனுக்கு ஆவி வந்துவிட்டது என்று நினைத்து, பயபக்தியோடு முழங்காலில் நின்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது, ஆவி இல்லை, கல்லடைப்பு. இரண்டு கற்கள். நாலு நாள் வைத்துப் பார்த்ததில் ஒன்று போனது. இன்னொன்று, ஐந்து மில்லிமீட்டர், வலது பக்கக் குழாயில் உட்கார்ந்துகொண்டது. காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தது. ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள், பத்து வாரத்துக்குள் கல் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் திரும்பி வந்து மீதியை முடி என்று அனுப்பி வைத்தார்கள். டிக்கெட் போட்டு, துணைக்கு ஆள் சேர்த்து, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

ஊருக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியுமா? "பையன தொரத்தி வுட்டாங்களாம்" என்று எதிர்வீட்டு மலர்க்கொடி முதல் நாளே அறிவித்துவிட்டாள். ஏன் துரத்தினார்கள் என்பதற்கு அவளிடம் மூன்று காரணங்கள் இருந்தன. ஆளுக்கு ஏற்றபடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அவனுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வீட்டிலும் ஆறரைக்கு எழுந்தான், தண்டால் எடுத்தான், படித்தான். நாஷ்டாவுக்கு முன் கண்ணை மூடி ஜெபித்தான். அதற்குள் இட்லி ஆறிப்போகும். வெள்ளைச் சட்டையைத் துவைத்து நீலம் போட்டு, பத்து மணிக்கு டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். போவதற்கு இடம் இல்லை.

"யாரப் பாக்கறதுக்குடா இந்தக் கயிறு?" என்று கேட்டேன்.

"மீதி அஞ்சு மாசம் கீது மாமா. பயக்கம் வுட்டுப் போவக்கூடாது." டை நுனியை நீவிக்கொண்டே சொன்னான், "எங்கப்பா ஆரம்பிச்சது எதையும் முடிச்சதில்ல மாமா, குவார்ட்டரத் தவிர. நான் இது ஒண்ணையாவது முடிக்கணும்."

அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

உத்திரமேரூரில் டாக்டர் சாந்தினியிடம் காட்டினோம். அந்தம்மா படத்தைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். "வெளியே போறப்ப எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"குடிக்க மாட்டேன் மேடம்."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்குமா? ஏன்?"

இவன் தரையைப் பார்த்தான். அந்தம்மா காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், இல்லையென்றால் ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து கையில் தண்ணீர் பாட்டிலோடு அலைந்தான். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து பேஜாராகிறது என்று ஒரு நாள் என்னோடு வண்டியில் ஏறினான். டை கட்டிய கிளீனர் இந்தத் தாலுக்காவிலேயே எனக்கு மட்டும்தான் இருந்திருப்பான். உத்திரமேரூரில் பட்டுத் தறி வைத்திருக்கும் இராமச்சந்திரன் வீட்டில் நூல் பெட்டி ஏற்ற வேண்டும். பதினோரு வருஷமாக எனக்கு வாடிக்கை. போய் உட்கார்ந்ததும் அவர் மனைவி கஸ்தூரி அம்மா டீ கொண்டுவந்தார். இவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேணாம்மா, நாங்க டீ குடிக்கறதில்ல."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் அப்பா காலத்தில் எங்களுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்த வீட்டில் அவர்கள் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில் தருகிறார்கள். அதற்காகவே, சர்க்கரை குறைவாக இருந்தாலும், அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பேன். இவன் வேண்டாம் என்கிறான்.

கஸ்தூரி அம்மாவின் முகம் மாறியது. "ஏம்பா, எங்க வீட்ல குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் எங்களைப் பார்த்துக் கேட்பார்கள் என்று என் அப்பா கனவிலும் நினைத்திருக்க மாட்டார். இவன் பதறிப்போய், தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, மரியாதைக்கு இரண்டு சொம்பு குடித்தான். வரும் வழியில் ஒரு லிட்டர் பாட்டிலை முடித்திருந்தவன். பெட்டி கட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அரை மணியில் காலை மாற்றிப் போட்டான். ஒரு மணியில் எழுந்து நின்றுகொண்டான். முகம் வியர்த்தது. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஏரிக்கரை ஏறுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி, கருவேல மரத்துப் பக்கம் ஓடினான். அங்கேயே வலி பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சட்டையோடு மண்ணில் புரண்டான். அவனைத் தூக்கி உட்கார வைத்து, மாத்திரை கொடுத்து, அது கேட்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். பயத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"ஒன்றர மணி நேரம் அடக்கிக்கினு நின்னியா? பாத்ரூம் எங்ககீதுன்னு ஒரு வார்த்த கேட்டா இன்னாடா?"

"நீ கேட்டுகிறியா மாமா?"

யோசித்தேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதும் இல்லை. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தி வேலி ஓரம் ஒதுங்குவதுதான் வழக்கம்.

"சின்ன வயசுல அம்மாகூட களத்துக்குப் போவேன்" என்றான். "ஒண்ணுக்கு வந்தா கால்வாயத் தாண்டி இட்டுக்கினு போவும். பக்கத்துலதான் நெலத்துக்கார ஆண்டை வூடு இருக்கும், ஆனா வூட்டாண்ட போவக்கூடாது. அது அப்டியே நின்னுபோச்சி மாமா. வைசாக்ல எல்லாரும் நல்லவங்கதான், நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க. ஆனா கேக்க வாய் வரல. நான் போனா அந்தப் பையன் வேற வெளிய காத்துக்கினு நிக்கணும். தண்ணி குடிச்சாதான போவணும், குடிக்கறதயே நிறுத்திட்டேன். மாசத்து மொத ஞாயித்துக்கெயம உபவாசம், அன்னிக்கி ராவும் குடிக்கறதில்ல."

பத்தொன்பது மாதம். பரலோகத்துக்கு வழி எது என்று வீடு வீடாகச் சொல்லத் தெரிந்த வாய்க்கு, கக்கூசுக்கு வழி எது என்று கேட்கத் தெரியவில்லை. அவன் சபை, தண்ணீர் குடிக்காதே என்று ஒரு நாளும் சொன்னதில்லையாம். நிறையக் குடி என்று வாராவாரம் செய்தி அனுப்புவார்களாம். சொல்லாமலே சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊர்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவனையே திட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

இது நடந்தது அவன் ஊருக்கு வந்த ஏழாவது வாரம். அதற்குப் பிறகும் கல் அசையவில்லை. வலி மட்டும் வேளை தவறாமல் வந்தது. அவன் காலண்டரில் நாளைப் பார்ப்பதும், போய் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பதும், தலையணையைக் கடித்துக்கொண்டு ஜெபிப்பதுமாக இருந்தான்.

இதற்குள் ஊரே டாக்டராகிவிட்டது. எங்கள் ஊரில் கல்லடைப்புக்கு வைத்தியம் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது, எல்லோருக்கும் தெரிந்தது ஒரே வைத்தியம். பீர். செங்கல் சூளை மோகன்குமார் தன் மூத்திரப் பையில் கோலிக்குண்டு அளவில் இருந்த கல்லை ஆறே பாட்டிலில் கரைத்ததாகச் சத்தியம் செய்வான். கல் கரைந்து ஆறு வருஷமாகியும் மருந்தை அவன் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். பீர் கொடுக்கலாம் என்று அவன் எங்கள் வாசலில் நின்று சொன்னபோது மார்த்தாள் விளக்குமாற்றை எடுத்தாள்.

ஒன்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை வலி வந்து அடங்கியதும் அவன் அப்படியே சுருண்டு கிடந்தான். மார்த்தாள் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, அந்த இத வாங்கியா" என்றாள்.

"எதை அத்த?"

"அதான், அந்த மோகன்குமாரு சொன்ன இது." அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. "புள்ள தலகாணியக் கடிக்கறத எத்தினி நாளிக்கிப் பாத்துக்கினு இருக்கறது? அவங்கிட்ட சொல்லாத. வாயத்தண்டு சாறுல கலந்து குடு."

இந்த விஷயத்தில் என் திறமையைப் பற்றி அடக்கமாகப் பேச முடியாது. எந்த பீரில் வாசனை குறைவு என்று எனக்கு மனப்பாடம். வாழைத்தண்டை மிக்சியில் அடித்து, வடிகட்டி, பாதிக்குப் பாதி கலந்து, துளி மோரும் விட்டு, சொம்பில் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னா மாமா இவ்ளோ நுரை?"

"மிக்சில அடிச்சா நுரை வராம?"

கண்ணை மூடி ஜெபித்துவிட்டுக் குடித்தான். முகத்தைச் சுளித்தான். மத்தியானம் நன்றாகத் தூங்கினான். மார்த்தாள் வாசலில் உட்கார்ந்து அவன் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் டம்ளரை மூக்கருகே வைத்து ஒரு நொடி நின்றான். என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடாமலே குடித்தான். அன்று ஜெபிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் நான் சொம்போடு உள்ளே நுழையும்போதே டம்ளரை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாழைத்தண்டு பழகிவிட்டது போலிருக்கிறது என்று நான் பரிமளாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

நாலாம் நாள் காலை கல் வந்துவிட்டது. மூத்திரத்தை வடிகட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். டீ குடிக்காதவனுக்கு டீ வடிகட்டி கைகொடுத்தது. மிளகைவிடச் சின்னதாக, கறுப்பாக, முள் முள்ளாக ஒன்று. இதற்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. மார்த்தாள் அழுதாள், மூன்று சபைக்கும் காணிக்கை வேண்டிக்கொண்டாள். மோகன்குமார் தெருவெல்லாம் தன் வைத்தியத்தின் பெருமையைப் பாடப் போய்விடக் கூடாதே என்று நான் அவனிடம் மூச்சு விடவில்லை.

டாக்டர் சாந்தினி மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டு, சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார். இவன் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன்.

"மேடம், பீர்ல கரைஞ்சிகீது, இல்ல?"

அந்தம்மா பேனாவை மூடினார். "எந்தக் கல்லும் பீர்ல கரையாது. அஞ்சு எம்எம் கல்லு, தண்ணியும் மாத்திரையும் போதும். இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தா தானா வந்திருக்கும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பா கல்லீரல் கெட்டு இறந்தார்னு முதல் நாளே சொன்னீங்களே. அந்தப் பையனுக்கா கொடுத்தீங்க?"

ஃபீசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இதை நான் மார்த்தாளிடமும் சொல்லவில்லை.

மறு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவன் ஊழியத்துக்குப் பொறுப்பான மிஷன் பிரசிடெண்ட் வீடியோவில் வந்தார். பிரசிடெண்ட் என்றதும் மார்த்தாள் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி ஒருவரை எதிர்பார்த்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். வந்தவர் கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. செல்போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து, கலைச்செல்வன் டையோடு எதிரே உட்கார்ந்தான். நானும் மார்த்தாளும் படத்தில் விழாமல் சுவரோரம் நின்றோம். மூட்டை கட்டி வைத்தாகிவிட்டது. ஊறுகாயும் தயார்.

"டாக்டர் பேப்பர் வந்துருச்சுங்க எல்டர். ரொம்ப சந்தோஷம். வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டரலாமுங்களா? அதுக்கு முன்னால வழக்கமா கேக்கறதக் கேட்டுக்கறேன்."

ஜெபம் பண்ணுகிறீர்களா, படிக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார். இவன் ஆமாம் சார், ஆமாம் சார் என்று சொல்லிக்கொண்டு வந்தான். பிறகு, மது, புகையிலை, டீ, காபி எதுவும் தொடாமல் இருந்தீர்களா என்று கேட்டார்.

"மூணு நாளு பீரு குடிச்சேன் சார்."

மார்த்தாள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அந்த மனிதர் நல்லவர், அவரே வழி எடுத்துக் கொடுத்தார். "மருந்துன்னு யாராச்சும் உங்களுக்குத் தெரியாம கலந்து கொடுத்துட்டாங்களா? அப்படின்னா அது உங்க தப்பு இல்லீங்களே."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வியாழக்கிழமை ரயில். சொல்லிவிடு என்று நான் சுவரோரத்திலிருந்து கையை ஆட்டினேன். என் பெயரைச் சொல்லு, என் பெயரைச் சொல்லு.

"மொத நாளு எனக்குத் தெரியாது சார்" என்றான். "ரெண்டாவது நாளு வாசன தெரிஞ்சிது. வலி போவட்டும்னு குடிச்சேன். மூணாவது நாளு வலியே இல்ல. நானேதான் டம்ளர நீட்டினேன். புடிச்சிருந்துது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். இதைத் தண்டனை என்று நினைக்க வேண்டாம், ஆனால் இப்போதே கிளம்பி வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மூன்று மாதம் வீட்டில் இருங்கள், தொடாமல் இருந்து பாருங்கள், வாராவாரம் பேசுவோம், பிறகு முடிவு செய்வோம் என்றார். யார் கொடுத்தது என்று கடைசி வரை கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

போன் அணைந்ததும் நான் கத்தினேன்.

"கொடுத்தவன் நானு. என் பேர சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? தெரியாம குடிச்சேன்னு சொன்னா இன்னா கொறஞ்சிடும் ஒனக்கு? மூணாவது நாளப் பத்தி அந்தாளு கேட்டாரா?"

அவன் டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த மூணாவது நாளுதான் மாமா எனக்கு பயமாகீது" என்றான். "எங்கப்பாவும் ஒரு நாளு இப்டிதான் ஆரம்பிச்சிருப்பாரு."

மார்த்தாள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து, கட்டி வைத்த மூட்டையைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி கொடியில் போட்டான். பிறகு என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"மூணு மாசம் மாமா. சாயங்காலம் குடிச்சிட்டு நம்ம வூட்டுக்குச் சாப்ட வராத. அந்த வாசன வேணாம். இது ஒண்ணு மட்டும் பண்ணு."

"இவ்ளோதான? நிறுத்தியே காட்றேன்டா" என்று சொன்னேன். ஏரியை வெட்டி மலையைப் புரட்டுகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வண்டியை நேராக வீட்டுக்கு ஓட்டினேன். மார்த்தாள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கலைச்செல்வன் எனக்குத் தண்ணீர் ஊற்றினான். மறுநாள் மழைத் தூறல், உடம்பு வலி, லோடு வேறு அதிகம். ஆறு மணிக்குக் கடையில் வரிசையில் நின்றேன். திரும்பி வந்து, பரிமளா வைத்த குழம்பை என் வீட்டிலேயே சாப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஜெபிக்கிற சத்தம் கேட்டது.